பயங்கரவாதியா, விடுதலைப் போராளியா? செட்டிநாட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காளையார்கோவிலில் மருது பாண்டியர் குருபூசை நடக்கும் அக்டோபர் இறுதியிலும், சுதந்திர தினத்தையொட்டிய ஆகஸ்டு நாட்களிலும் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்து மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் இங்கே தரப்படுகின்றன. சில விடைகள் நீளமானவை. சிலவற்றில் எழுதுபவரின் கருத்தும் கலந்திருக்கிறது.

ஒருவருக்குப் பயங்கரவாதி, இன்னொருவருக்கு விடுதலை வீரர் என்கிறார்களே, எல்லாம் அவரவர் பார்வையைப் பொறுத்ததுதானா?

இல்லை. கேட்பதற்குச் சாமர்த்தியமாக இருக்கும் இந்தப் பேச்சு, தனித்தனியான இரண்டு கேள்விகளை ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ஒருவர் எதற்காகப் போராடினார் என்று கேட்டால் ‘விடுதலைக்காக’ என்பது விடையாகலாம். அவர் யாரை, எப்படித் தாக்கினார் என்று கேட்டால் ‘ஆயுதமற்ற மக்களைக் கொன்று, மற்றவர்களை நடுங்கவைத்துக் காரியம் சாதிக்கப் பார்த்தார்’ என்பது விடையாகலாம். இந்தப் பக்கத்தில் பயங்கரவாதம் என்று குறிப்பிடப்படுவது இந்த இரண்டாவது செயல்தான். ஆகவே ஒரே மனிதர் இரண்டுமாக இருக்க முடியும், இரண்டும் அல்லாதவராகவும் இருக்க முடியும். பர்மாவிலும் மலாயாவிலும் கடை வைத்திருந்த நம் ஊர்க்காரர்களின் பேரேட்டில் பற்றும் வரவும் தனித்தனியாகத்தான் எழுதப்பட்டன. வரவு பெரியது என்பதற்காக எந்தக் கணக்குப்பிள்ளையும் பற்றை அடித்துவிட்டதில்லை. நோக்கம் உயர்ந்தது என்று சொல்லிக் கொலையை மறைப்பவரும், கொலையைக் காட்டி மக்களின் குறையே பொய் என்று சாதிப்பவரும் அந்த அடித்தலைத்தான் செய்கிறார்கள்.

கிழக்கிந்தியக் கம்பெனி மருது பாண்டியரை எப்படிக் கருதியது?

கலகக்காரர்களாகக் கருதியது. 1772-இல் காளையார்கோவில் போரில் சிவகங்கை மன்னர் முத்துவடுகநாதர் கொல்லப்பட்ட பின், வேலு நாச்சியாருடன் நின்று சீமையை மீட்ட பெரிய மருதுவும் சின்ன மருதுவும், கம்பெனியின் கணக்கில் அரச பரம்பரையில் வராதவர்கள். எனவே அவர்களுக்கு ஆளும் உரிமையும் இல்லை, எதிர்க்கும் உரிமையும் இல்லை என்பது அதன் வாதம். 1801-இல் படமாத்தூரைச் சேர்ந்த ஒருவரைச் சிவகங்கையின் ஜமீன்தாராக அறிவித்ததன் மூலம் அந்த வாதத்துக்குச் சட்ட வடிவமும் கொடுத்தார்கள். ஆளும் உரிமையை வழங்குபவரும், அதை மறுத்துவிட்டுக் கலகக்காரர் என்று பெயர் சூட்டுபவரும் ஒரே தரப்பாக இருந்ததை இங்கே கவனிக்க வேண்டும்.

1801 ஜூன் 16-ஆம் நாள் திருச்சிராப்பள்ளிக் கோட்டையிலும் திருவரங்கத்திலும் ஒட்டப்பட்ட சின்ன மருதுவின் அறிக்கை, எல்லா வருணத்தாரையும் முஸ்லிம்களையும் ஒருங்கே அழைத்து, அந்நியர் ஆட்சியால் நாடு எப்படி அடிமைப்பட்டது என்று விளக்குகிறது. நாம் விழாக்களில் வாசிப்பது அந்தப் பகுதியைத்தான். அதே அறிக்கை, ஐரோப்பியரை எங்கே கண்டாலும் பூண்டோடு அழிக்குமாறும் சொல்கிறது. அவர்களுக்கு ஊழியம் செய்பவர்களைக் கடுமையாகச் சபிக்கிறது. படைவீரன், வணிகன், பாதிரியார் என்று அது பிரித்துப் பேசவில்லை. அந்தக் காலத்துப் போர் மொழி அப்படித்தான் இருந்தது என்பதும், கம்பெனிப் படையின் நடத்தை அதைவிட மென்மையாக இருக்கவில்லை என்பதும் உண்மையே. ஆனாலும் அறிக்கையை முழுவதுமாக வாசிப்பதே மருதுவுக்கு நாம் செய்யும் மரியாதை என்பது என் கருத்து. அவர் கோபத்தின் அளவும் அந்த வரிகளில்தான் தெரிகிறது.

1801 அக்டோபர் 24-ஆம் நாள் சகோதரர்கள் இருவரும் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். சின்ன மருதுவின் மகன் துரைசாமியும் மேலும் பலரும் பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டனர். இந்தக் கதையில் ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. மருது படையை எதிர்த்துப் போரிட்ட ஜேம்ஸ் வெல்ஷ் என்ற கம்பெனி அதிகாரி, பிற்காலத்தில் எழுதிய போர் நினைவுக் குறிப்புகளில், ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருதுதான் என்று நன்றியோடு குறிப்பிடுகிறார். ஒரு முனை கனத்து, பிறைபோல வளைந்த அந்த எறிகருவியைப் பிடிக்கும் விதத்தைச் சொல்லிக்கொடுத்த கையை, சில ஆண்டுகளுக்குப் பின் அவருடைய படையே விலங்கிட்டது. 1818-இல் பினாங்கில் அவர் துரைசாமியைச் சந்தித்தபோது, அடையாளம் தெரியாத அளவுக்கு அந்த இளைஞர் தளர்ந்து முதுமை தட்டியிருந்தார். அரசாங்கக் கடிதங்களில் கலகக்காரர் என்று எழுதப்பட்ட குடும்பத்தைப் பற்றி, அந்த அரசாங்கத்தின் அதிகாரியே மனம் கலங்கி எழுதிய பக்கங்கள் அவை.

செட்டிநாடு முழுவதும் அவர்கள் பக்கம்தான் நின்றதா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் ஊர்கள் சிவகங்கைச் சீமையிலும் புதுக்கோட்டைத் தொண்டைமான் நாட்டிலுமாகப் பரவிக் கிடந்தவை. தொண்டைமானோ கம்பெனியின் நண்பர். 1799-இல் கட்டபொம்மனைப் பிடித்துக் கொடுத்ததும் அந்த நாடுதான். பக்கத்துப் பக்கத்து ஊர்களில் ஒன்றுக்கு வீரமாகப் பட்டது மற்றொன்றுக்கு ராஜதுரோகமாகப் பட்டிருக்கும். இன்று இரு பக்கத்து ஊர்களிலும் மருதுவுக்கு மாலை விழுகிறது.

1942-இல் தேவகோட்டையிலும் திருவாடானையிலும் நடந்தது பயங்கரவாதமா?

என் கருத்தில் இல்லை; ஆனால் அன்றைய அரசின் கண்ணுக்கு அது ஏறக்குறைய அப்படித்தான் தெரிந்தது. ‘வெள்ளையனே வெளியேறு’ தீர்மானத்துக்குப் பின் காந்தியும் மற்ற தலைவர்களும் கைதான செய்தி பரவியதும், அந்த ஆகஸ்டு மாதத்தில் தேவகோட்டை நீதிமன்றம் தீக்கிரையானது. போலீசாரின் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. கைது செய்யப்பட்டுத் திருவாடானைச் சிறையில் அடைக்கப்பட்டிருந்த சின்ன அண்ணாமலையை, திரண்டு வந்த மக்கள் சிறையை உடைத்தே விடுவித்தனர். பிற்காலத்தில் பதிப்பாளராகப் பெயர் பெற்ற அவர் அப்போது இளைஞர்.

மக்கள் இங்கே எதைத் தாக்கினார்கள் என்று பாருங்கள். அரசின் கட்டடங்களை, அரசின் ஆவணங்களை, அரசின் பூட்டை. வழியில் போகிறவர்களையோ, வழக்குக்கு வந்த குடியானவர்களையோ கொன்று ஊரை நடுங்கவைப்பது அவர்கள் நோக்கமாக இருக்கவில்லை. வன்முறை நடந்தது, சட்டம் மீறப்பட்டது, எரிந்தது அற்பமான பொருளும் அன்று. அகிம்சையில் உறுதியாக நின்றவர்கள் இதை ஏற்றிருக்கமாட்டார்கள். 1943-இல் பிரிட்டிஷ் இந்திய அரசு இத்தகைய நிகழ்வுகளை எல்லாம் தொகுத்து, பொறுப்பு முழுவதையும் காங்கிரஸ் மீது சுமத்தி ஓர் அறிக்கையே வெளியிட்டது.

சங்கடமான செய்தி ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சுதந்திர இந்தியாவின் சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தின் இன்றைய 15-ஆம் பிரிவு, நாட்டின் ஒருமைப்பாட்டையோ இறையாண்மையையோ அச்சுறுத்தும் நோக்கத்துடன், எளிதில் தீப்பற்றும் பொருட்களைக் கொண்டு அரசின் பயன்பாட்டில் உள்ள சொத்தை அழிப்பதையும் பயங்கரவாதச் செயலாகக் கருத இடம் தருகிறது. அந்த அளவுகோலை 1942-க்கு எடுத்துச் சென்றால், தேவகோட்டைக்காரர்கள் பலர் அதற்குள் அகப்பட்டுக்கொள்வார்கள்.

வாஞ்சிநாதனையும் பகத்சிங்கையும் எந்தப் பக்கம் வைப்பது?

இருவரையும் ஒரே தட்டில் வைக்கக் கூடாது. 1911 ஜூன் 17-ஆம் நாள் மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் சுட்டது திருநெல்வேலி ஆட்சியர் ஆஷை. உடன் பயணம் செய்த அவருடைய மனைவியை அல்ல. சுதேசிக் கப்பல் கம்பெனியையும் அதன் தலைவர்களையும் ஒடுக்கியதில் ஆஷுக்குப் பங்கு இருந்தது என்பதே இந்தக் கொலைக்குச் சொல்லப்படும் காரணம். ஆட்சியின் கருவியாகிய ஓர் அதிகாரியைக் குறிவைத்துக் கொன்றது அரசியல் கொலையாகும். மக்கள் கூட்டத்தில் குண்டு வைப்பதோடு அதை ஒன்றாக்குவது தவறு. ஆனால் வாஞ்சியின் சட்டைப்பையில் இருந்த கடிதம், நாட்டு விடுதலையோடு சனாதன தர்மத்தின் காவலையும் பேசியது. அந்தக் கடிதத்தை முன்வைத்து அவர் யாருடைய விடுதலைக்காகச் சுட்டார் என்று கேட்பவர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அந்தக் கேள்வி நியாயமானதே.

பகத்சிங்கும் தோழர்களும் 1928-இல் லாகூரில் ஸ்காட் என்ற போலீஸ் அதிகாரியைக் குறிவைத்து, ஆள்மாறாட்டத்தில் சாண்டர்சைக் கொன்றனர். துரத்தி வந்த சனன்சிங் என்ற இந்தியத் தலைமைக் காவலரும் அன்று இறந்தார். விழாக்களில் அவர் பெயரை யாரும் சொல்வதில்லை. 1929 ஏப்ரல் 8-இல் மத்திய சட்டமன்றத்தில் வீசப்பட்ட குண்டுகளோ உயிர்ச்சேதம் ஏற்படாதபடி வீசப்பட்டவை; வீசியவர்கள் தப்பி ஓடாமல் கைதானார்கள். தூக்கிலேறுவதற்கு முன் எழுதிய கடிதமொன்றில் பகத்சிங், தாம் பயங்கரவாதி அல்ல என்றும், புரட்சி வாழ்வின் தொடக்கத்தில் மட்டும் ஒருவேளை அப்படி இருந்திருக்கலாம் என்றும் தம்மையே எடைபோட்டுச் சொல்கிறார். அவரைப் போற்றுபவர்கள் பலருக்கு அந்தத் துணிவு இருப்பதில்லை.

அவர் தூக்கிலிடப்பட்ட சில நாட்களில் கராச்சியில் கூடிய காங்கிரஸ், எவ்வகை அரசியல் வன்முறையையும் தான் ஏற்கவில்லை என்று கூறிக்கொண்டே, அவருடைய வீரத்தையும் தியாகத்தையும் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது. வழவழா கொழகொழா தீர்மானம் என்று அன்றைய இளைஞர்கள் பலருக்குக் கோபம். ஆனால் மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் அது தனித்தனியே விடை சொன்னது. காரைக்குடிக்குப் பக்கத்தில் உள்ள சிராவயலில் ஆசிரமம் நடத்தி, 1927-இல் காந்தியை அங்கேயே சந்தித்த கம்யூனிஸ்டுத் தலைவர் ஜீவா, பிற்பாடு பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கியதற்காகச் சிறை சென்றார். ஒரே வாழ்க்கையில் இரண்டு பாதைகளையும் தொட்டுப் பார்த்த மனிதர் நம் மண்ணில் நடமாடியிருக்கிறார்.

பர்மாவில் நம்மவர்களுக்கு எதிராக நடந்த கிளர்ச்சியும் விடுதலைப் போராட்டம்தானா?

செட்டிநாட்டில் இந்தக் கேள்விதான் வலிக்கும். அதனால்தான் இதற்குச் சற்று விரிவான விடை தேவைப்படுகிறது.

1930 டிசம்பரில் கீழ்ப் பர்மாவின் தாராவதி மாவட்டத்தில் சாயா சான் தலைமையில் விவசாயிகள் கிளர்ந்தெழுந்தனர். உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை தரையைத் தொட்டிருந்தது, தலைவரியோ குறையவில்லை. கிராமத் தலைவர்களும் வரி வசூலிப்பவர்களும் அரசுப் பணியாளர்களும் தாக்கப்பட்டனர். இந்தியர்களும் தாக்குதலுக்கு உள்ளாயினர். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நம் ஊர்க் கடைகளின் மேலாட்களும் (நிர்வாகிகள்) அடுத்தாட்களும் (உதவியாளர்கள்) உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ரங்கூனுக்கு ஓடிவந்த கதைகள், இந்தப் பக்கத்து வளவுகளில் இரண்டு தலைமுறைகளாகச் சொல்லப்பட்டவை. அந்தக் கதைகளில் சாயா சான் கொள்ளைக்காரராகத்தான் வருவார். பிரிட்டிஷ் அரசும், பச்சை குத்தினால் குண்டு துளைக்காது என்று நம்பிய மூடர்களின் கூட்டம் என்றே அந்தக் கிளர்ச்சியை வருணித்தது. 1931 நவம்பரில் சாயா சான் தூக்கிலிடப்பட்டார். அவருக்காக வழக்காடிய பா மா சில ஆண்டுகளிலேயே பர்மாவின் முதல் பிரதமரானார். பிற்காலத்தில் பர்மா அரசு வெளியிட்ட 90 கியாட் நோட்டில் சாயா சானின் படம் அச்சாகியிருந்தது.

இனி அந்த விவசாயியின் பக்கம் இருந்து பார்ப்போம். கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் சாகுபடி நிலத்தில் சுமார் 6 விழுக்காடு செட்டியார்களின் கையில் இருந்தது; 1937-இல் அது 25 விழுக்காடாயிற்று. செட்டியார்கள் நிலத்துக்கு ஆசைப்பட்டுப் போனவர்கள் அல்லர். கடன் திரும்பாததால் அடமானமாக இருந்த நிலம் அவர்கள் பெயருக்கு மாறியது. விற்கலாமென்றால் வாங்க ஆளில்லை. பணம் போட்ட நகரத்தார்களுக்கும் அது நட்டமே. இவை எல்லாம் உண்மை. ஆயினும் பாட்டனார் உழுத வயலில் குத்தகைக்காரனாக நின்ற பர்மியனுக்கு, அந்த நியாயங்கள் என்ன ஆறுதல் தந்திருக்கும்? அவன் எதிர்த்தது அந்நிய ஆட்சியை. அந்த ஆட்சியின் நிழலில் வந்த நம்மையும் சேர்த்து எதிர்த்தான்.

என் தீர்ப்பு இதுதான்: அவர்கள் குறை உண்மையானது, எழுச்சி விடுதலை எழுச்சியே. கடையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்த, துப்பாக்கியைக் கையால் தொட்டறியாத ஒருவரை வெட்டியது குற்றமே. மருதுவின் அறிக்கையில் ‘ஐரோப்பியரை எங்கே கண்டாலும்’ என்ற சொல்லை எளிதாகக் கடந்து போகிற நாம், தாராவதியில் அந்த அந்நியராக நம் ஐயாக்களே நின்றார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தச் சொல்லின் கனம் புரியும்.

மலாயாவில் என்ன நடந்தது?

சுருக்கமாகச் சொல்லலாம். ஜப்பானியர் ஆட்சியில் மலாயாக் கம்யூனிஸ்டுகள் பிரிட்டிஷ் ஆயுத உதவியோடு போராடினர். அவர்களில் சின் பெங்குக்குப் போர் முடிந்ததும் பிரிட்டிஷ் விருதே அறிவிக்கப்பட்டது. 1948-இல் பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து ஆயுதமேந்தியபோது அதே சின் பெங் தேடப்படும் குற்றவாளியானார். அவருடைய ஆட்கள் முதலில் ‘கொள்ளைக்காரர்கள்’ என்றும், 1952 முதல் ‘கம்யூனிஸ்டு பயங்கரவாதிகள்’ என்றும் அரசு ஆவணங்களில் பெயர் மாறினர். மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த தமிழர் எஸ். ஏ. கணபதி, துப்பாக்கி வைத்திருந்ததாகக் கூறப்பட்டு 1949 மே மாதம் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். ரப்பர் தோட்டம் வைத்திருந்த நம்மவர்கள் ஒரு பக்கம், அந்தத் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழர்கள் பலர் மறுபக்கம்.

பயங்கரவாதத்துக்கு உலகம் ஒப்புக்கொண்ட வரையறை உண்டா?

முழுமையான வரையறை இல்லை. ஐ.நா. அவையில் 1996-இல் ஒரு முழுமையான உடன்படிக்கைக்கான வரைவை முன்வைத்ததே இந்தியாதான். அந்நிய ஆக்கிரமிப்பை எதிர்த்துப் போராடுபவர்களுக்கு விலக்கு வேண்டுமா, அரசுப் படைகளின் செயல்களும் இதில் அடங்குமா என்ற இரண்டு முடிச்சுகளில் அது இன்றுவரை சிக்கிக் கிடக்கிறது. ஜெனீவா உடன்படிக்கைகளின் 1977-ஆம் ஆண்டு முதல் கூடுதல் நெறிமுறை, காலனி ஆட்சியையும் நிறவெறி ஆட்சியையும் எதிர்க்கும் போர்களைப் பன்னாட்டுப் போராகவே ஏற்கிறது. ஆனால் அப்படிப் போராடுபவர்களும் பொதுமக்களைத் தாக்கக் கூடாது என்கிறது. இந்தியா அந்த நெறிமுறையை ஏற்கவில்லை.

நீதிமன்றங்கள் சொல்லைக் கையாளும் முறை பொதுமேடையிலிருந்து வேறுபட்டது. ராஜீவ் காந்தி கொலை வழக்கில், ‘தடா’ என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த நீதிமன்றம் 1998-இல் 26 பேருக்கும் மரண தண்டனை விதித்தது. 1999-இல் உச்ச நீதிமன்றமோ, கொலைச் சதியை உறுதி செய்துகொண்டே, மக்களிடையே பீதியைப் பரப்புவதோ அரசைப் பணியவைப்பதோ சதியின் நோக்கமாக மெய்ப்பிக்கப்படவில்லை என்று கூறி, தடாச் சட்டத்தின் கீழான பயங்கரவாதக் குற்றத்தை நீக்கியது. 19 பேரைக் கொலைக் குற்றச்சாட்டிலிருந்து விடுவித்தது. கொடிய குற்றம் எல்லாமே சட்டத்தின் பார்வையில் பயங்கரவாதம் ஆகிவிடாது.

அப்படியானால் விடுதலைப் புலிகள்?

இந்தக் கேள்வி வந்தால் அறையில் குரல்கள் உயரும். 1956 முதல் தொடர்ந்த மொழிப் பாகுபாடு, 1981-இல் எரிக்கப்பட்ட யாழ்ப்பாணப் பொது நூலகம், 1983 ஜூலைப் படுகொலைகள் ஆகியவற்றைப் பார்த்த பிறகும் ஈழத்தமிழரின் குறையை மறுப்பவர் வரலாற்றை அறியாதவர். அகிம்சை வழியில் தந்தை செல்வா பல ஆண்டுகள் நடத்திய போராட்டத்துக்குக் கிடைத்தவை கிழித்தெறியப்பட்ட ஒப்பந்தங்களே.

மறுபக்கத்தில், 1985-இல் அநுராதபுரத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட சிங்களப் பொதுமக்களும், 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்தபோது கொல்லப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட முஸ்லிம்களும் இருக்கிறார்கள். காத்தான்குடியைப் புலிகள் மறுத்தனர். உயிர் பிழைத்தவர்கள் அவர்களையே குற்றம் சாட்டினர். அதே ஆண்டு அக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் இரண்டு மணி நேர அவகாசத்தில் ஊரைவிட்டு விரட்டப்பட்டனர். சிறுவர்கள் படையில் சேர்க்கப்பட்டனர். அமிர்தலிங்கம், நீலன் திருச்செல்வம் போன்ற தமிழ் அரசியல் தலைவர்களே கொல்லப்பட்டனர். ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட ஸ்ரீபெரும்புதூரில் இறந்தவர்களில் பணியில் இருந்த காவலர்களும் கூட்டம் பார்க்க வந்தவர்களும் உண்டு. இவை பயங்கரவாதச் செயல்கள். செய்தவர்கள் தமிழர் என்பதால் வேறு பெயர் சொல்ல என்னால் முடியாது.

2009-இல் முள்ளிவாய்க்காலில் பாதுகாப்பு வலயம் என்று தானே அறிவித்த இடத்தின் மீது இலங்கைப் படை குண்டு பொழிந்ததையும், புலிகள் மக்களை வெளியேறவிடாமல் தடுத்ததையும் நம்பத்தக்க குற்றச்சாட்டுகளாக ஐ.நா. பொதுச்செயலர் அமைத்த நிபுணர் குழு 2011-இல் பதிவு செய்தது. ‘பயங்கரவாதத்தின் மீதான போர்’ என்ற ஒற்றைப் பெயரின் கீழ் அந்த மக்கள் சாவு உலகின் கணக்கில் வராமல் போனது.

அரசும் பயங்கரவாதம் செய்ய முடியுமா?

முடியும். 1919-இல் ஜாலியன்வாலாபாக்கில் பிரிட்டிஷ் படைத் தளபதி டயர் சுட்டது கூட்டத்தைக் கலைக்க மட்டுமன்று. பஞ்சாப் முழுவதற்கும் பாடம் புகட்டவே சுட்டதாக விசாரணையில் அவரே ஒப்புக்கொண்டார்.

வென்றவர் விடுதலை வீரர், தோற்றவர் பயங்கரவாதி என்பதுதானே நடைமுறை?

நடைமுறையில் பெரும்பாலும் அப்படித்தான். 1946-இல் எருசலேமின் கிங் டேவிட் ஓட்டலில் குண்டு வைத்து 91 பேரைக் கொன்ற இர்குன் என்ற யூத ஆயுத இயக்கத்தின் தலைவர் மெனாகெம் பெகின், 1977-இல் இஸ்ரேலின் பிரதமரானார்; அடுத்த ஆண்டே அமைதிக்கான நோபல் பரிசு பெற்றார். நெல்சன் மண்டேலா அதிபராகி ஓய்வும் பெற்ற பின், 2008 வரை அமெரிக்காவின் கண்காணிப்புப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது.

தென்னாப்பிரிக்காவில் ஒரு விதிவிலக்கும் நடந்தது. உண்மை மற்றும் நல்லிணக்க ஆணையம் 1998-இல் நிறவெறி அரசின் கொடுமைகளை முதன்மையாகக் கண்டித்ததோடு, வென்று ஆட்சியில் இருந்த ஆப்பிரிக்கத் தேசிய காங்கிரசின் மனித உரிமை மீறல்களையும் எழுதியது. 1983-இல் பிரிட்டோரியாவில் 19 பேரைப் பலிகொண்ட குண்டுவெடிப்பும் ஆணையத்தின் முன் வந்தது. அறிக்கையை நிறுத்த அந்தக் கட்சி நீதிமன்றம் சென்று தோற்றது. நிறவெறி எதிர்ப்பின் நியாயம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை.

இந்திய அரசு யாரைச் சுதந்திரப் போராட்டத் தியாகி என்று ஏற்கிறது?

1972-இல் சுதந்திர வெள்ளி விழாவையொட்டித் தாமிரப் பட்டயமும் மத்திய அரசின் ஓய்வூதியமும் வழங்கப்பட்டன. பொதுவாக ஆறு மாதச் சிறைவாசம் வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் மூன்று மாதம் போதும். அகிம்சை வழியில் சென்றவரா என்று விதிகள் கேட்பதில்லை. நேதாஜியின் படையில் இருந்தவர்களும் 1946 கடற்படைக் கிளர்ச்சியில் கலந்துகொண்டவர்களும் தகுதி பெற்றனர். சிறைக்குப் போகாமல் தலைமறைவாக இருந்தவர்களுக்கும் ஒரு வழி உண்டு. பிரிட்டிஷ் அரசு தம்மைத் தேடப்படும் குற்றவாளியாக அறிவித்ததற்கோ, தம் தலைக்கு விலை வைத்ததற்கோ, கைது ஆணை பிறப்பித்ததற்கோ அவர்கள் சான்று காட்ட வேண்டும். அதற்காகப் பழைய போலீஸ் பதிவேடுகளையும் நீதிமன்றக் கட்டுகளையும் தேடி மனுதாரர்கள் அலைந்தனர். பதிவேடுகள் எரிந்துபோன இடங்களில், உடன் சிறையிருந்தவர்கள் கையெழுத்திட்ட சான்றிதழைக் கொண்டு விண்ணப்பிக்க வேண்டியிருந்தது.